ஏட்டையாவின் புள்ளிவிவரமும் ஆயிரம் ஜோடிக் கண்களும்

1

போன செவ்வாய்க்கிழமை என் மகளின் சைக்கிள் காணாமல் போயிற்று. நான் இங்கிலாந்துக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த நாள் அது. கேக் வாங்கி வைத்திருந்தேன். அதை வெட்டுவதற்கு முன்னால் போலீஸுக்குப் போன் போட வேண்டியதாயிற்று.

நம் ஊரில் சைக்கிள் தொலைந்தால் போலீஸ்காரர் முதலில் நம்மைத்தான் ஏசுவார். பூட்டினாயா, ஏன் அங்கே நிறுத்தினாய், ரசீது எங்கே என்பார். இங்கே போனில் பேசிய பெண், "உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள். மனநிலை வீட்டில்தான் இருக்கிறது தாயே, சைக்கிளைத்தான் காணோம் என்றேன். ஒரு நம்பர் கொடுத்தாள். மூன்றாம் நாள் தபாலில் ஒரு கட்டுக் காகிதம் வந்தது. ஆறுதல் கடிதம் ஒன்று, எங்கள் சேவை திருப்தியா என்று கேட்கும் படிவம் ஒன்று, பதினோரு மொழிகளில் ஒரு துண்டறிக்கை. தமிழும் இருந்தது, தலைகீழாக. சிவகாசிக்குப் பக்கத்தில், அச்சாபீஸ் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு இது சைக்கிள் போனதைவிடப் பெரிய அடி. திருப்திப் படிவம் முழுக்க அதைப் பற்றியே எழுதினேன். சைக்கிளைப் பற்றி எழுத இடம் போதவில்லை.

கட்டின் அடியில் இன்னொரு படிவம். அதில் ஒரு கட்டம்: 'யார் மீதாவது உங்களுக்குச் சந்தேகம் உண்டா?' நான் யோசிக்கவே இல்லை. எதிர்வீட்டுக் கெவின் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கெவினுக்கு இருபத்தைந்து வயது, மொட்டைத் தலை. ஏதோ கடையில் கை வைத்து உள்ளே போய்விட்டு வந்தவன்.

மகள் மீனாவுக்கு வயது பதினைந்து. தமிழ் பேசுவாள். வாக்கியம் எங்கே போய் முடியும் என்று அவளுக்கே தெரியாது. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, கெவின் எடுத்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"முன்னாடி திருடினவன்தானே?"

"அது எவிடென்ஸ் இல்ல. கெவின் கால்ல கோர்ட்டு மெஷின் கட்டியிருக்கு. ராத்திரி ஏழு மணியிலருந்து காலை ஏழு வரைக்கும் வாசல் தாண்டினா அது போலீஸுக்குச் சொல்லிடும். நான் சைக்கிள் வெச்சது எட்டு மணி. காலையில ஆறு மணிக்கு இல்ல. இந்தத் தெருவுல எடுக்கவே முடியாத ஒரே ஆளு கெவின்தான்."

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், என் பிழைப்பே இதுதான்.

2

நான் இந்த ஊர் நகரசபையில் குற்றத்தடுப்புப் பிரிவில் இருக்கிறேன். துப்பாக்கி, தொப்பி என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். எங்கே என்ன திருடு போனது என்று வரைபடத்தில் புள்ளி வைக்கிற உத்தியோகம். அக்காவுக்கு இதை விளக்க ஏழு வருஷமாக முயன்று வருகிறேன். "கோலம் போடுதான்னு சொல்லிக்கிடுதேன்" என்று முடித்துவிட்டாள்.

மேலதிகாரி ஜேனட் ஒல்லியான அம்மாள். அவளுக்குக் கோபம் வராது, கேள்விதான் வரும். ஒருமுறை கவுன்சிலர் ஒருவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் புது விளக்குப் போட்டேன், திருட்டுக் குறைந்துவிட்டது என்றார். ஜேனட் டீயைக் கலக்கியபடி, "விளக்குப் போடாத பக்கத்துத் தெருவில்?" என்று கேட்டாள். புள்ளியை எண்ணிப் பார்த்தேன். அங்கேயும் அதே அளவு குறைந்திருந்தது. கவுன்சிலர் அப்புறம் எங்கள் மாடிப்படி ஏறவே இல்லை.

ஜேனட்டின் பாடம் எளிது. ஒரு நேரத்தில் ஒன்றை மாற்று. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றை மாற்றாமல் விட்டுவை. உனக்குப் பிடித்த முடிவை முன்கூட்டியே எழுதி வைக்காதே. கேட்கும்போது பச்சைப்பிள்ளைக்குக்கூடப் புரியும். நான் ஊருக்குப் போய் இந்த மூன்றையும் ஒரே வாரத்தில் கோட்டைவிட்டேன்.

3

நாலு வருஷத்துக்கு முன் தீபாவளியை ஒட்டி ஒரு மாத லீவில் போயிருந்தேன். திருத்தங்கலுக்குப் பக்கத்து ஊர். பெயர் வேண்டாம். இதில் வரும் ஏட்டையா இப்போது ரிட்டயர்டு ஆகிப் பேரப்பிள்ளைகளோடு நிம்மதியாக இருக்கிறார்.

ஊரில் நாலு இடங்களில் கம்பெனி வண்டி நிற்கும். பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள் காலையில் சைக்கிளை அங்கே சாத்திவிட்டு வண்டியில் ஏறிப் போவார்கள், பொழுது சாய வந்து எடுத்துக்கொள்வார்கள். அந்த சீசனில் வாரத்துக்கு ஒரு சைக்கிளாவது காணாமல் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொன்று போகும்போதும் ஏட்டையா ஒரே காரியத்தைத்தான் செய்தார். மாரியப்பனைக் கூப்பிட்டு ஸ்டேஷனில் உட்கார வைப்பார். சாயங்காலம் திருப்பி அனுப்புவார்.

மாரியப்பன் என்னோடு பத்தாவது வரை படித்தவன். ஊர் முக்கில் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். நான் போய் இறங்கிய மறுநாளே அக்கா வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ஏலே சம்முகம், எம் மவ கோமதிக்கு மாப்ள அமைஞ்சிருக்குல. வெம்பக்கோட்டைப் பக்கம். வார ஞாயித்துக்கெழம விட்டு அடுத்த ஞாயிறு வீடு பாக்க வாராக."

"நல்ல சேதிதானலே. மூஞ்சிய ஏன் இப்பிடி வெச்சிருக்க?"

"அன்னைக்குன்னு ஒரு சைக்கிளு காணாமப் போயி, ஏட்டையா வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டார்னு வையி, முடிஞ்சுது கத. போன வருசம் ஒரு சம்பந்தம் அப்பிடித்தான் வாசலோட திரும்பிப் போச்சு. அந்தப் பிள்ள ரெண்டு நா சாப்பிடலல." என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "நீ அந்த ஊர்ல இதத்தான பாக்க? எவன் களவாண்டான், எவன் களவாங்கலன்னு? எனக்காக ஒண்ணு செய்யிலே. அந்த ஸ்டேசன் நோட்டுலருந்து எம் பேர எடுத்து விடு."

சரி என்றேன். என்னால் மறுக்க முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது அடுத்த பகுதியில்.

4

ஏட்டையா நல்ல மனிதர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க சார், லண்டன்லருந்து எப்ப வந்தீக? டீ சாப்பிடுதீகளா?" நான் இருப்பது லண்டன் இல்லை என்று விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

மாரியப்பன்தான் எடுக்கிறான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று பணிவாகக் கேட்டேன்.

"எவிடென்ஸ் இல்லாம செய்வமா சார்?" மேஜைக்குள்ளிருந்து ஒரு நீள நோட்டை எடுத்துப் பிரித்தார். "இந்தா பாருங்க. எட்டுத் தடவ கூப்பிட்டு விசாரிச்சிருக்கோம். ஒண்ணுமில்லாதவன எட்டுத் தடவ விசாரிப்பாகளா?"

"எட்டுத் தடவையும் என்ன கிடைத்தது?"

"ஒண்ணுமே கெடைக்கலையே சார். அம்புட்டுக் கெட்டிக்காரன்."

எனக்கு ஜேனட் ஞாபகம் வந்தது. அவளை இந்த நாற்காலியில் உட்கார வைத்தால் டீயைக் கலக்கக்கூட மறந்திருப்பாள். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். மாரியப்பன் கணக்கின் முதல் வரி, மை மங்கிப்போய் இருந்தது. 'பள்ளித் தலைமையாசிரியர் சைக்கிள். மாணவன் மாரியப்பன் கையில் பிடிபட்டது. எச்சரித்து விடப்பட்டான்.'

அந்தச் சைக்கிளை எடுத்தவன் நான்.

பத்தாவது படிக்கும்போது ஆனைக்குட்டம் அணையில் தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்க ஆசை. தலைமையாசிரியர் சைக்கிள் பூட்டாமல் நின்றது. நான் மிதித்தேன், மாரியப்பன் கேரியரில் உட்கார்ந்து, "வேண்டாம்லே, வேண்டாம்லே" என்று சொல்லிக்கொண்டே வந்தான். திரும்பும்போது டயர் வெடித்துவிட்டது. ஊர் எல்லையில் என் அப்பா தலை தெரிந்தது. நான் கருவேலங்காட்டுக்குள் பாய்ந்து ஓடினேன். அவன் ஒருத்தனாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தும்போது பிடிபட்டான். என் பேரைச் சொல்லவில்லை. பிறகு நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டபோது இதே ஸ்டேஷனிலிருந்துதான் விசாரிக்க வந்தார்கள். நன்னடத்தை உள்ளவர் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தில்தான் நான் விமானம் ஏறினேன்.

ஏட்டையாவிடம் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "டீ ஆறுது, குடிங்க சார்" என்றார். குடித்துவிட்டேன். அசிங்கம்தான். ஒளித்து என்ன ஆகப்போகிறது?

5

சொல்லத் தைரியமில்லாதவன் திட்டம் போடுவான். நானும் போட்டேன்.

மாரியப்பன் ஒரு வாரம் காலை ஆறு மணியிலிருந்து சாயங்காலம் ஏழு வரை ஸ்டேஷனிலேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் வெளியே ஒரு சைக்கிள் போனாலும் போதும், அவன் எடுக்கவில்லை என்று ஆகிவிடும். ஏட்டையா உடனே ஒத்துக்கொண்டார். ஸ்டேஷனில் பழுதான சைக்கிள் ஆறு கிடந்தது, ஆள் கிடைத்துவிட்டான் என்ற சந்தோஷம் அவருக்கு.

மாரியப்பன்தான் முழித்தான். "ஸ்டேசனுக்குப் போகாம இருக்கதுக்காக ஒரு வாரம் ஸ்டேசன்லயே உக்காரணுமாலே?"

"அறிவியல்லே."

"நீ படிச்சவன். சொன்னா சரிதான்."

அத்தோடு விட்டிருந்தால் புண்ணியம். ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும், படம் எடுத்து ஜேனட்டிடம் காட்ட வேண்டும் என்று ஓர் ஆசை வந்துவிட்டது. சைக்கிள் நிறுத்தும் இடத்தில் முறைத்துப் பார்க்கிற கண் படம் ஒட்டினால் திருடக் கை கூசும் என்று அப்போது எங்கள் ஆபீஸில் ஒரு பேச்சு. நாலு இடங்களில் இரண்டில் கண் ஒட்டுவது, இரண்டைச் சும்மா விடுவது என்று முடிவு செய்தேன். சும்மா விட்ட இடங்களில் திருட்டு வழக்கம்போல் நடக்கும், மாரியப்பனும் தப்புவான், கண்ணுக்கு வேலை உண்டா என்றும் தெரிந்துவிடும். காகிதத்தில் பார்க்க அம்சமாக இருந்தது.

அக்கா வீட்டுக்காரர் தனபால் மச்சான் ஆப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். காலண்டர் சீசன், மூச்சுவிட நேரமில்லை. போய்க் கேட்டேன்.

"மச்சான், ஒரு இருபது போஸ்டர் வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இருபது லோடா?"

"இருபது தாள்."

"மாப்ளே, மிசின கழுவி, பிளேட்டு மாட்டி, கலர் சரிபாக்குததுக்கே எரநூறு தாளு வேஸ்டாப் போகும். இருபது அடிச்சேன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவனும் என்னய மதிக்க மாட்டான். ஆயிரத்துக்குக் கொறஞ்சு நம்ம மிசினு சுத்தாது. நீங்க பேசாம போங்க, நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டார். மறுநாள் விடியும்போது ஊர் முழுக்கக் கண். நாலு சைக்கிள் இடங்களிலும் கண். ரேஷன் கடையில் கண், டீக்கடையில் கண், ஸ்டேஷன் சுவரில் இரண்டு வரிசை. அக்கா வீட்டு மாட்டுக்கொட்டகையிலும் நாலு. மாடு அந்தப் பக்கமே திரும்பவில்லை. மனிதக் கண்ணும் இல்லை அவை. காலண்டருக்கு வைத்திருந்த அம்மன் படத்திலிருந்து கண்ணை மட்டும் வெட்டி எடுத்து அடித்திருந்தார்.

"மச்சான்! ரெண்டு எடத்த சும்மா விடணும்னு சொன்னனே!"

"ஏன், அந்த ரெண்டு எடத்து ஆளுக நம்ம ஊர் இல்லையா? அவுக வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லட்டும்? மிச்சம் எழுநூறு இருக்கு, உங்க ஊருக்குக் கொண்டு போறீகளா?"

மூன்றாம் நாள் ஒவ்வொரு கண்ணுக்கு மேலும் குங்குமப் பொட்டு. நாலாம் நாள் எலுமிச்சம்பழம்.

6

அந்த வாரம் ஒரு சைக்கிள்கூடக் காணாமல் போகவில்லை.

வெள்ளிக்கிழமை சைக்கிள் நிற்கும் இடத்துக்குப் போனேன். மொத்தமே மூன்று சைக்கிள்தான் நின்றது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் கேட்டேன்.

"சீசன் முடிஞ்சுட்டுல்லா? கம்பெனியெல்லாம் புதங்கிழமையே லீவு விட்டாச்சு. எவன் சைக்கிள் எடுத்துக்கிட்டு வருவான்?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுகூட மறந்துட்டியாக்கும்?" என்றாள்.

மறந்துதான் போயிருந்தேன். தீபாவளிக்கு முன்னால் கம்பெனி அடைக்கும் என்பது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தெரியும். எங்கள் வீட்டில் சம்பளம் வந்ததே அந்தக் கணக்கில்தான். ஆறு வருஷம் வெளியே இருந்ததற்கே எனக்கு அது மறந்துவிட்டது. அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்தது.

ஸ்டேஷனில் ஏட்டையா எழுந்து நின்று கை கொடுத்தார்.

"உங்க முறைதான் சார் முறை! மாரியப்பன் உள்ள இருந்தான், களவு நின்னுபோச்சு. இத்தன வருசமா நாங்க சந்தேகம்னுதான் எழுதுனோம். நீங்க நிரூபிச்சுட்டீக."

நோட்டைக் காட்டினார். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, 'அறிவியல் முறைப்படி' என்று எழுதியிருந்தார். மாரியப்பன் உள்ளே இருந்தது, கண் படம், கம்பெனி லீவு, மூன்றும் ஒரே வாரத்தில் மாறியிருக்கிறது, எதனால் குறைந்தது என்று எவனாலும் சொல்ல முடியாது என்று தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "அடக்கமா பேசுதீக சார்" என்றார். இனி ஒவ்வொரு சீசனுக்கும் மாரியப்பனை முதலிலேயே உள்ளே உட்கார வைத்துவிடப்போவதாகவும் சொன்னார்.

ஸ்டேஷன் வாசலில் மாரியப்பன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆறு சைக்கிளும் புத்தம் புதிதுபோல் நின்றன.

"முன்னாடியெல்லாம் எம் மேல சந்தேகம் மட்டுந்தானல இருந்துச்சு" என்றான். ஏசியிருந்தால் தேவலை.

7

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா மட்டும் சைக்கிளில் வந்தார். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வாட்ச்மேன், டூட்டி முடித்து நேரே வருகிறார். சைக்கிளைப் பூட்டாமல் வாசலோரம் சாத்திவிட்டு, காலைக் கழுவி, பாயில் உட்கார்ந்தார். நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பெண் வீட்டு ஆளாக உட்கார்ந்திருந்தேன்.

காப்பி வந்தது. கோமதி வந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். எல்லாருக்கும் முகம் மலர்ந்திருந்தது. அப்போதுதான் வாட்ச்மேன் தொண்டையைச் செருமினார்.

"பிள்ள எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஒண்ணு மட்டும் கேக்கணும், தப்பா நெனைக்கக் கூடாது. உங்கள அடிக்கடி ஸ்டேசனுக்குக் கூப்பிடுதாகன்னு சொல்லுதாக. நான் காவக்காரன். எங் குடும்பத்துல அப்பிடி ஒரு பேச்சு வரப்பிடாது."

மாரியப்பன் தலை குனிந்தான். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் நின்றது. எனக்கு அந்த இடத்தில் உட்கார முடியவில்லை. வெற்றிலை குறைகிறது, வாங்கி வருகிறேன் என்று எழுந்து வெளியே போனேன்.

பத்து நிமிஷம் கழித்து வெற்றிலையோடு திரும்பினால் தெருவே வாசலில் நிற்கிறது. வாட்ச்மேனின் சைக்கிளைக் காணோம். யாரோ ஸ்டேஷனுக்கு ஓடியிருந்தார்கள். ஏட்டையாவும் வந்து சேர்ந்தார். கூட்டத்தை விலக்கி உள்ளே பார்த்து, பழக்கதோஷத்தில், "ஏலே மாரியப்பா, வா ஸ்டேசனுக்கு" என்றார்.

வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"எதுக்கு ஏட்டையா?"

"உங்க சைக்கிளு விசயமாத்தான்."

"நான் வந்து எறங்குனதுலருந்து இவுக எங்கண்ணு முன்னாலயே உக்காந்திருக்காக. ஒண்ணுக்குக்கூட எந்திரிக்கல. இங்கன இருக்க இருபது பேரும் சாச்சி. இவுகளயா கூப்பிடுதீக? நீங்க இப்பிடித்தான் எல்லாத் தடவையும் கூப்பிட்டீகளாக்கும்?"

ஏட்டையா என்னைப் பார்த்தார்.

மாரியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. துள்ளி எழுந்தான். "ஏட்டையா, எழுதுங்க! சைக்கிளு போயிருக்கு! நான் இங்கன இருக்கும்போதே போயிருக்கு! நோட்ட எடுத்துட்டு வாங்க!" மாப்பிள்ளை வீட்டுச் சைக்கிள் திருடு போனதற்காகப் பெண்ணின் தகப்பன் ஆனந்தக் கண்ணீர் விட்டதை அன்றுதான் பார்த்தேன். நோட்டு வந்தது. 'சம்பவ நேரத்தில் மாரியப்பன் வீட்டுக்குள் இருபது சாட்சிகள் முன் இருந்தார்' என்று ஏட்டையா எழுத, கீழே வாட்ச்மேன் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மணி நேரத்தில் சைக்கிளும் கிடைத்துவிட்டது. கம்பெனி வண்டி நிற்கும் இடத்தில், கண் படத்துக்கு நேர்கீழே, பூட்டுப் போட்டபடி நின்றது. ஆத்தாவே திருப்பிக் கொண்டுவந்து விட்டாள் என்று வாட்ச்மேன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்த எழுநூறு போஸ்டரும் அன்று மாலையே தீர்ந்துபோனது. இன்னும் ஆயிரம் ஓட்டப்போவதாக மச்சான் சொன்னார்.

தட்டு மாற்றிய பிறகு மாரியப்பன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் வேட்டியின் வலது காலோரத்தைத் தூக்கிப் பார்த்தான். கால் நூற்றாண்டாகச் சைக்கிள் பிரித்து மாட்டுகிறவன்.

"செயின் கிரீஸுல்லா" என்றான் மெதுவாக. "மண்ணெண்ண தொட்டுத் தேயிலே, போயிரும்."

8

அதற்குப் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை. கோமதிக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். கண் படத்தால் திருட்டுக் குறையுமா என்று ஜேனட் கேட்டாள். தெரியவில்லை என்றேன். நேர்மையான பதில் என்று பாராட்டினாள். ஆதாரத்தை வைத்துப் பிழைக்கிறவன் ஆதாரத்தைத் தயார் செய்திருக்கிறேன். இன்னொரு முறை அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் செய்வேன்.

போலீஸ் படிவத்தில் கெவின் பேரை வெள்ளை மை வைத்து அழித்தேன். அழித்த பிறகும் எழுத்து லேசாகத் தெரிந்தது. வேறு படிவம் கேட்டுப் போன் போட்டேன். என் மனநிலை எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

மீனா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, உனக்கு இவ்வளவு வருஷம் இந்த வேலை. நிஜமான சைக்கிள் திருடன் யாரையாவது உனக்குத் தெரியுமா?"

எங்கள் ஊரில் அந்த சீசனில் போன சைக்கிள்களை எடுத்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆதாரத்தோடு எனக்குத் தெரிந்தது இரண்டே திருட்டு, தலைமையாசிரியர் சைக்கிளும் வாட்ச்மேன் சைக்கிளும்.

"ஒரு ஆளைத் தெரியும்" என்றேன். "உட்காரு, சொல்கிறேன்."